மேம்படுத்தப்பட்ட தெருவில் எங்கள் வீடு

எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. கடலூரிலும் குடியிருந்திருக்கிறேன், சிதம்பரத்திலும் குடியிருந்திருக்கிறேன். இது இரண்டில் ஒன்றில் நடந்தது. பெயரைச் சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். அந்த நிம்மதிக்கு அவர்களுக்குத் தகுதி இல்லை.

2004-ல் அந்த வீட்டை வாங்கினோம். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் முட்டுச்சந்தாக முடிகிற ஒரு தெரு. எங்களுடையது கடைசி வீடு. கான்கிரீட் தளம் போட்ட சின்ன வீடுதான் என்றாலும் தெருவிலிருந்து படியேறி உள்ளே போகும்படி உயரமாகக் கட்டியிருந்தார்கள். வீட்டைப் பார்க்கப் போன அன்று நான் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்.

"மழைத் தண்ணி எங்க போவும்?"

விற்றவர் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த காலி மனையைக் காட்டினார். அதைத் தாண்டி வாய்க்கால். தெருத் தண்ணீர் முழுக்க அந்த மனை வழியாகத் தானாகச் சரிந்து வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. எந்த இன்ஜினீயரும் போட்ட திட்டமில்லை அது. அதனால்தான் ஒழுங்காக வேலை செய்தது.

நான் அப்போது ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. கடலூர், சிதம்பரம் இரண்டு ஊர் டாக்டர்களின் அறை வாசலிலும் பையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் என் தொழில். யார் எவ்வளவு நேரம் நிற்கவைத்தாலும் முகம் மாறாமல் சிரிக்கத் தெரியும். மனத்துக்குள் அவர்களைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்பது வெளியே தெரியாது. என் மனைவிக்கு அந்தப் பயிற்சி கிடையாது. கணக்கில் எம்.எஸ்ஸி. படித்தவள். பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டுக் கூடத்தில் டியூஷன் எடுத்தாள். தப்பாகக் கணக்குப் போட்டவனிடம் தப்பு என்று சொல்லிவிடுவாள். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கமாட்டாள்.

அவளுக்கு ஒரு தம்பி. கீரப்பாளையம் பக்கம் நெல் விளையும் நிலத்தில் அவனுக்கும் ஒரு பங்கு இருந்தது. அதை விற்றுவிட்டு ஊருக்குள் வந்து மணல், ஜல்லி என்று வியாபாரம் செய்தான். பத்தாம் வகுப்புக் கணக்கில் அவனைப் பாஸ் பண்ணவைக்க என் மனைவி பட்ட பாட்டை அவர்கள் குடும்பத்தில் இன்றும் சொல்வார்கள். 2006 உள்ளாட்சித் தேர்தலில் என் மச்சானாகிய அவன் எங்கள் வார்டு கவுன்சிலர் ஆனான். என் மனைவி வீடுவீடாகப் போய் ஓட்டுக் கேட்டாள். நானும் அவள் பின்னால் போனேன். "நம்ம புள்ள, நல்லது செய்வான்" என்று அவள் சொன்னபோதெல்லாம் தலையாட்டினேன். அவன் ஜெயித்த அன்று எங்கள் வாசலில்தான் முதல் வெடி வெடித்தது.

நல்லது செய்தான். முதலில் தனக்கு. எங்கள் பக்கத்துக் காலி மனையை வாங்கி, ஓரத்தையும் பின்பக்கக் கொல்லையையும் பள்ளமாகவே விட்டுவிட்டு, மற்ற இடத்தில் லாரி லாரியாகச் செம்மண் அடித்து மேடாக்கி, அதன் மேல் கல்யாண மண்டபம் கட்டி, சுற்றிலும் சுவர் எழுப்பினான். மண்டபத்துக்குக் கார்கள் வரவேண்டும். ஆகவே எங்கள் தெருவுக்குச் சிமெண்ட் ரோடு வந்தது. பழைய ரோட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போடவேண்டும் என்பது விதியாம். பெயர்க்காமல் அதன் மேலேயே கொட்டினார்கள். கார்களில் வருகிறவர்கள் இருட்டில் தடுமாறக்கூடாது என்று தெரு முனையில் உயரமான கம்பத்தில் ஒரு பெரிய விளக்கு. தெரு ஓரமாக ஒரு வடிகால். அந்த வடிகால் தெரு முனையில் ஆரம்பித்து, ஒவ்வொரு வீட்டின் அழுக்குத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு வந்து, மண்டபத்தின் சுற்றுச்சுவரில் முட்டி நின்றது. அதற்கு அப்பால் போக வழியில்லை. திறப்பு விழாவில் வடிகாலுக்கு மாலை போட்டார்கள். எதிர்வீட்டுக்காரர்தான் வரவேற்புரை. கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தெரு நலச் சங்கத்தின் தலைவர். "நம்ம தெரு இப்ப பாண்டிச்சேரி மாதிரி ஆயிடுச்சு" என்று பேசினார். பாண்டிச்சேரியில் அவருக்குத் தெரிந்த இடம் எது என்பது ஊருக்கே தெரியும்.

எங்கள் வீட்டுப் படிகள் ரோட்டுக்குள் புதைந்துவிட்டன. ரோடும் வாசலும் ஒரே மட்டமாகிவிட்டன. மண்டபத்துக்கு வருகிறவர்கள் வண்டியைத் திருப்பும்போது முன்சக்கரம் எங்கள் கோலத்தின் மேல் ஏறி இறங்கும்.

2008-ல் சொத்து வரிச் சீராய்வு வந்தது. ஒரு காலைப் பொழுதில் பில் கலெக்டர் வந்தார். கையில் டேப் இருந்தது, பிரிக்கவில்லை. கண்ணாலேயே வீட்டை அளந்தார். குளியலறை, மோட்டார் ரூம், சைக்கிள் நிறுத்தத் தகரம் போட்ட இடம், எல்லாம் கட்டடம். கூடத்தில் பெஞ்சுகளைப் பார்த்தார்.

"டியூஷனா மேடம்?"

"ஆமா."

"அப்ப இது கமர்ஷியல்."

"குடியிருக்கிற வீடு சார். சாயந்தரம் பத்துப் பசங்க வந்து படிக்குதுங்க."

"பீஸு வாங்குறீங்க இல்ல? அப்ப வியாபாரந்தான். டீக்கடைக்கு இன்னா கணக்கோ அதான் உங்களுக்கும்."

நான் அவருக்குக் காப்பி கொடுத்து, கம்பெனி காலண்டர் ஒன்றும் கொடுத்தேன். இரண்டையும் வாங்கிக்கொண்டார். கணக்கை மாற்றவில்லை.

நோட்டீஸ் வந்தபோது வரி பழையதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். என் மனைவி கத்தவில்லை. நகராட்சி அலுவலகத்துக்குப் போய், வரி எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். சாயங்காலம் பிள்ளைகளுக்கு விளக்குவதுபோல எனக்கு விளக்கினாள்.

முதலில் தெருவுக்கு ஒரு தரம். ரோடு, வடிகால், விளக்கு இருக்கிற தெரு உயர்ந்த தரம், இல்லாதது தாழ்ந்த தரம். ஒவ்வொரு தரத்துக்கும் சதுர அடிக்கு இவ்வளவு மதிப்பு என்று மன்றம் தீர்மானம் போடும். அதைக் கட்டடத்தின் பரப்பால் பெருக்கவேண்டும். பிறகு கட்டடம் கான்கிரீட்டா, ஓடா, கூரையா என்று பார்க்கவேண்டும். குடியிருப்பா, வியாபாரமா என்று பார்க்கவேண்டும். பழைய கட்டடமென்றால் வயதுக்குக் கொஞ்சம் கழிவு. அவ்வளவுதான்.

"ஃபார்முலா தப்பில்ல" என்றாள். "ஊர்ப் பணத்துல ஒரு தெருவுக்கு வசதி செஞ்சா, அந்தத் தெரு கொஞ்சம் ஜாஸ்தி குடுக்கணும்ங்கறது நியாயந்தான். ஆனா வடிகால் இருக்கான்னு மட்டுந்தான் கேக்குறாங்க. தண்ணி போவுதான்னு கேக்கறதுக்கு அதுல எடமே இல்ல."

ரோடு வீட்டு மட்டத்துக்கு ஏறிவிட்டால் எதைக் கழிப்பது என்பதற்கும் அதில் இடமில்லை. ரோடு வந்ததால் எங்கள் தெரு கடைசித் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறியிருந்தது. எங்களுக்கு அதனால் கிடைத்தது கோலத்தின் மேல் டயர் தடம்.

எல்லாருக்கும்தான் வரி ஏறியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் கூட்டம் போட்டார். மிக்ஸரும் டீயும் கொடுத்தார். தெருவே ஒன்றாக மேல்முறையீடு செய்வது என்று முடிவானது. "டீச்சரம்மாவே நம்ம சார்பா பேசட்டும், புள்ளிவிவரமெல்லாம் அவுங்களுக்குத்தான் தெரியும்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். என் மனைவி சந்தோஷமாக ஒத்துக்கொண்டாள். இந்த முகங்களை நான் என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். மாதிரி மருந்தை வாங்கிக்கொண்டு, கட்டாயம் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு சீட்டுகூட எழுதாத டாக்டர்களின் முகங்கள்.

நகராட்சியில் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு என்று ஒன்று உண்டு. கவுன்சிலர்கள் சிலர் உட்கார்ந்து, வரி அதிகம் என்பவர்களின் முறையீட்டைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். எங்கள் முறையீட்டை விசாரித்த குழுவில் என் மச்சானும் ஒரு உறுப்பினன். பத்தாவது கணக்கில் தட்டுத்தடுமாறி வெளியே வந்தவன், ஊருக்கே கணக்குச் சரிபார்க்கிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

விசாரணை நாளன்று நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் போயிருந்தோம். தெருக்காரர்கள் வருவார்கள் என்று என் மனைவி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொருவராக, ஒருவருக்கொருவர் தெரியாமல், மச்சானின் மண்டபத்துக்குப் போய்த் தங்கள் வரியை மட்டும் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் போனவர் நலச் சங்கத் தலைவர். மிக்ஸர் கொடுத்த தட்டைக் கழுவுவதற்கு முன்பே போயிருப்பார்.

குழுத் தலைவர் ஒரு வயதான கவுன்சிலர். "சொல்லும்மா, இன்னா கொறைக்கணும்?" என்றார். மீன் மார்க்கெட்டில் கேட்பதுபோல.

"கொறைக்கச் சொல்லி வரலீங்க" என்றாள் என் மனைவி. "எப்படிப் போட்டீங்கன்னு கேக்க வந்தேன். என் வூடு கமர்ஷியல்னு போட்டிருக்கீங்க. சரி, அப்படியே இருக்கட்டும். எங்க பக்கத்துல ஒரு கல்யாண மண்டபம் இருக்குது. அதுக்கு என்னா போட்டிருக்கீங்க?"

மச்சான் ஃபேனைப் பார்த்தான். பக்கத்தில் நின்றிருந்த அலுவலர் ஒருவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அங்க மண்டபம்னு எதுவும் இல்லீங்களே. தகரக் கூரை போட்ட உரக் கிடங்குன்னுதான் இருக்குது."

என் மனைவி சிரித்துவிட்டாள். கூடத்தில் பிள்ளைகள் விநோதமான விடை சொன்னால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. "உரக் கிடங்குலதான் போன வாரம் எங்க வீட்டுக்காரரோட மேனேஜர் பொண்ணுக்குக் கல்யாணம் நடந்துச்சு. நூறு ரூவா மொய் எழுதிட்டு வந்தோம். எனக்குப் போட்ட அதே ஃபார்முலாவ அதுக்கும் போடுங்க. அப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன்."

"இது உங்க மனு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லம்மா" என்றார் தலைவர். விசாரணை முடிந்தது என்று எழுந்துவிட்டார். வெளியே வரும்போது மச்சான் என் தோளைத் தொட்டான்.

"இன்னா மாமா, அக்காவ இப்டி வுட்டுட்டீங்க? சபையில மானத்த வாங்குது. என்கிட்ட ஒரு போன் பண்ணியிருந்தா முடிஞ்சிருக்கும்."

நான் சிரித்தேன். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். டாக்டர்களும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

சில நாளில் உத்தரவு வந்தது. வரி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. எப்படி என்று பார்த்தால், எங்கள் கான்கிரீட் வீட்டை ஓட்டு வீடு என்று எழுதியிருந்தார்கள். டியூஷன் மறைந்துவிட்டது. குளியலறைகூட மறைந்துவிட்டது. யாரையும் கேட்காமலேயே அவள் வாயை மூட அவர்கள் கொடுத்த விலை அது.

அதுவரை நிதானமாக இருந்தவளுக்கு அன்றுதான் கோபம் வந்தது. "என்னையும் அந்த எதிர்வீட்டு ஆளு மாதிரி ஆக்கிட்டான் பாருங்க." மறுநாளே அலுவலகத்துக்குப் போய், என் வீடு ஓட்டு வீடு இல்லை, திருத்துங்கள் என்று மனு கொடுத்தாள். வரியைக் கூட்டச் சொல்லி அங்கே அதுவரை யாரும் மனு கொடுத்ததில்லை. வாங்கலாமா கூடாதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் ஒரு கிளார்க், "மேடம், கொறஞ்சா சந்தோஷப்பட்டுப் போங்களேன். எங்களுக்கும் வேல மிச்சம்" என்றார். அவள் மனுவை மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். அது டீ கிளாஸுக்கு அடியில் போயிருக்கும்.

அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வது நின்றது. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் உரக் கிடங்கிலிருந்து நாதஸ்வரம் எங்கள் வீட்டுக்குள் கேட்கும். அவள் குரலை உயர்த்தி வகை நுண்கணிதம் நடத்துவாள்.

அதற்கப்புறம் வந்த ஐப்பசிகளில் ஒன்றில் மழை விடாமல் அடித்தது. முதலில் தெருத் தண்ணீர் வடிகாலுக்குப் போனது. வடிகால் மண்டபச் சுவரில் முட்டித் திரும்பியது. பிறகு வடிகாலில் இருந்ததெல்லாம் தெருவுக்கு வந்தது. கடைசி வீடு எங்களுடையது. தெருவிலேயே பள்ளமும் இப்போது எங்களுடையதுதான். விடிந்து பார்த்தபோது கூடத்தில் கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர். சிப்காட் ரசாயன ஆலைகளைத் தாண்டும்போது குடிகாடு பக்கம் பேருந்தில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் வாரா வாரம் போய் அந்த நெடிக்குப் பழகினவன். நானே அன்றைக்கு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டேன். டியூஷன் பெஞ்சுகளின் கால்கள் ஊறிக்கொண்டிருந்தன. பிரிட்ஜைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தோம்.

ஒன்பது மணிவாக்கில் மச்சான் வந்தான். சாம்பார் சாதப் பொட்டலங்கள், கூட ஒரு போட்டோகிராபர். எதிர்வீட்டு மாடிப்படியில் நின்றுகொண்டு தெருவாசிகள் பொட்டலம் வாங்குவதைப் படம் எடுத்தார்கள். எங்கள் வாசலுக்கும் வந்தான். அவள் பொட்டலத்தை வாங்கவில்லை. ரொம்ப நாள் கழித்து அவனோடு பேசினாள்.

"சோறு கெடக்கட்டும். உன் காம்பவுண்டு செவுத்துல அடியில ஒரு ஓட்ட போடுறா. தண்ணி பின்னால வாய்க்காலுக்குப் போயிடும்."

"இன்னைக்கு முகூர்த்தங்கா. பந்தி நடக்குது. கொல்லப்பக்கந்தான் சாப்பாட்டுக் கொட்டாய். தண்ணி வுட்டா பொண்ணு வூட்டுக்காரன் அடிக்க வருவான்."

"என் வூட்டுக்குள்ள கக்கூஸ் தண்ணி நிக்கிது."

"எஸ்டிமேட் போடச் சொல்றேங்கா. முறைப்படிதான செய்யணும்."

போய்விட்டான். முறைப்படி என்ற சொல்லை அவன் வாயில் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்தது என்று நினைக்கிறேன். மெடிக்கல் ரெப் வேலையில் இத்தனை வருஷமாக உதட்டில் ஒட்டவைத்திருந்த சிரிப்பு அன்றைக்கு ஒட்டவில்லை. என் மனைவி மோட்டார் ரூமைத் திறந்து கடப்பாரையை எடுத்தாள். நான் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவள் குடை பிடித்தாள். ஆபீசுக்குப் போட வைத்திருந்த சட்டையோடு, டை மட்டும் இல்லாமல், மச்சானின் சுற்றுச்சுவரை அடியில் இடித்தேன். மட்டமான சுவர். சிமெண்ட்டை மிச்சம் பிடித்துக் கட்டியிருந்தான். நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் பெயர்ந்தது.

தண்ணீர் ஒரு கணம் யோசித்ததுபோல் நின்று, பிறகு இரைந்துகொண்டு பாய்ந்தது. எங்கள் கூடம், வாசல், தெரு எல்லாவற்றிலும் நின்றது மண்டபத்தின் கொல்லைக்குப் போனது. பந்தியில் இருந்தவர்கள் இலையோடு எழுந்தார்கள். சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி எங்களைப் பார்த்து என்னென்னவோ திட்டினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மண்டபத்துக்குப் பணம் கட்டினவர் அவர்.

தெருக்காரர்கள் எல்லாரும் மாடிகளில் நின்று பார்த்தார்கள். தண்ணீர் அவர்கள் வாசலிலிருந்தும் இறங்கியது. எதிர்வீட்டுக்காரர் மேலேயிருந்து, "சார், சட்டத்தைக் கையில எடுக்கக்கூடாது சார்" என்று குரல் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தண்ணீர் இறங்கிய தன் வாசலைக் கழுவிவிட ஆள் தேடப் போனார்.

மத்தியானம் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். நான் போனபோது மச்சான் அங்கே இரண்டு ஆட்களோடு உட்கார்ந்திருந்தான். என் மனைவியும் கூட வந்தாள். நீங்கள் வரவேண்டாம் என்று போலீஸ்காரர் சொன்னதற்கு, "செவுர இடிக்கச் சொன்னது நாந்தான்" என்றாள்.

நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு புகாரை எழுத ஆரம்பித்தார்.

"இன்னா பில்டிங் சார்?"

"கல்யாண மண்டபம்" என்றான் மச்சான்.

"மண்டபத்துக்கு லைசென்ஸ் காப்பி, வரி ரசீது ஒண்ணு குடுங்க. சேதத்துக்குக் கேஸ் போடணும்னா சொத்து உங்களதுன்னு காட்டணும்."

கூட வந்த ஆள் கைப்பையைத் திறந்து ஒரு ரசீதை எடுத்துக் கொடுத்துவிட்டான். விவரம் தெரியாத விசுவாசி. ஏட்டு படித்துப் பார்த்தார்.

"உரக் கிடங்குன்னு இருக்குதே சார்?"

"அது... பழைய பதிவு."

"அப்ப கிடங்குன்னு எழுதவா, மண்டபம்னு எழுதவா?"

என் மனைவி அமைதியாகச் சொன்னாள். "கிடங்குன்னே எழுதுங்க சார். கிடங்குல பந்தி போட்டு, எல மேல தண்ணி வந்துடுச்சுன்னு எழுதுங்க. நாங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போறோம்."

ஏட்டு பேனாவை மூடிவைத்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். மண்டபம் என்று எழுதினால் இத்தனை வருஷத்து வரி ஏய்ப்பு காவல் நிலையப் பதிவிலேயே ஏறிவிடும். கிடங்கு என்று எழுதினால், கிடங்கை மண்டபமென்று வாடகைக்கு விட்டதற்குக் கல்யாண வீட்டுக்காரர்களுக்கு அவன்தான் பதில் சொல்லவேண்டும். மச்சான் ரொம்ப நேரம் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான்.

"வுடுங்க சார். எங்க அக்காதான். குடும்ப விஷயம்."

திரும்பி வருகிற வழியில் என் மனைவி அழுதாள். ஜெயித்தோமே என்றேன். "அவனுக்கு வெக்கமே வரல, பாத்தீங்களா? அவ்ளோ பேரு முன்னால. மாட்டிக்கிட்டோம்னுதான் வருத்தப்பட்டான்" என்றாள். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அதனால் அவளுக்கு வலித்தது, எனக்கு வலிக்கவில்லை.

சுவரில் நான் போட்ட ஓட்டையை அவன் அடைக்கவில்லை. அடைத்தால் அக்கா மறுபடியும் கடப்பாரையை எடுப்பாள் என்று தெரியும். அதற்கு ஒரு குழாய் வைத்து, கொல்லை வழியாக வாய்க்கால்வரை கொண்டுபோனான். தன் செலவிலா? சே. மழைநீர் வடிகால் மேம்பாடு என்று நகராட்சிப் பணத்தில். குழாயின் தலைப்பில் ஒரு கல்வெட்டு. அவன் பெயர், நகராட்சித் தலைவர் பெயர், எல்லாம் தங்கநிறத்தில். நான் இடித்த ஓட்டைக்கு நலச் சங்கத்தார் பாராட்டு விழா நடத்தினார்கள். எதிர்வீட்டுக்காரர் பொன்னாடை போர்த்தினார். இந்தத் தெருவின் நீண்டநாள் கனவு நிறைவேறியது என்றார். நான் வீட்டுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி மைக் சத்தம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தினாள்.

2011 தேர்தலில் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மச்சான் தன் மனைவியை நிறுத்தினான். ஓட்டுக் கேட்டு எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. ஜெயித்தார்கள். கறுப்புத் தண்ணீரில் நின்ற அதே தெரு, அந்தக் குழாயைக் காட்டி, நமக்குச் செய்தவர் என்று சொல்லி ஓட்டுப் போட்டது. பிறகு என்ன, மண்டபம் கிடங்காகவே இருந்தது. எங்கள் வீடும் ஓட்டு வீடாகவே இருந்தது. அவள் கணக்குப் போட்டு, கான்கிரீட் வீட்டுக்கு உரிய வித்தியாசத்தையும் சேர்த்துக் கட்டப் பார்த்தாள். கவுண்டரில் வாங்க மறுத்துவிட்டார்கள். கூடுதலாக வாங்க அவர்கள் கம்ப்யூட்டரில் வழியில்லையாம்.

2012 பொங்கலுக்கு முந்தின நாள். தானே புயல் அடித்து ஓய்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. கரண்டு இன்னும் எல்லா இடத்துக்கும் வரவில்லை. வாசலில் கார் நின்றது. மச்சான் கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை, வேட்டி, வெல்லம் எல்லாம் எடுத்துக்கொண்டு இறங்கினான். அக்காவுக்குப் பொங்கல் சீர். நடுவில் இரண்டு மூன்று வருஷம் அது வரவில்லை. மாமா என்று என்னைக் கட்டிக்கொண்டான். சென்ட் வாசம். நான் என் சிரிப்பைச் சிரித்தேன். அது மறுபடியும் ஒட்ட ஆரம்பித்திருந்தது.

என் மனைவி சீர்த்தட்டை வாங்கி உள்ளே வைத்தாள். புடவையைப் பிரித்துப் பார்க்கவில்லை.

"அக்கா, நம்ம தெருவுக்கு மறுபடியும் ரோடு சாங்ஷன் ஆயிருக்கு. புயல் பணத்துல. பாரு, எப்டி ஆக்கிக் காட்டுறேன்னு."

"பழச நோண்டி எடுத்துட்டுப் போடுவியா, மேலயே போடுவியா?"

"நோண்டிட்டுத்தாங்கா. சத்தியமா."

அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். தப்பு விடையை எழுதிவிட்டுச் சரி என்று சாதிக்கிற பிள்ளையை அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"சாப்ட்டுட்டுப் போடா" என்றாள்.

கூடத்தில் இலை போட்டோம். அவன் சப்பணமிட்டு உட்கார்ந்து, மொச்சைக் குழம்பைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அக்கா கை ருசி யாருக்கும் வராது மாமா என்றான். நான் பக்கத்தில் நின்று அவன் இலைக்கு அப்பளம் வைத்துக்கொண்டிருந்தேன்.